கோப்பாய்க் குசினிக்கு ஆறு துணி

அன்பு மகனுக்கு,

உன் கல்யாணப் பெட்டியில், இடுப்பில் உடுக்கிற புதுச் சாரங்களுக்குக் கீழே, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி இருக்கும். பிரித்தால் ஆறு பருத்தித் துணிகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். பாகற்காய்த் தோல்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு மூலையில் ஆணியில் மாட்ட ஒரு வளையம். அவை சட்டியும் கோப்பையும் கழுவித் துடைக்கிற துணிகள். பின்னியது நான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. சனிக்கிழமை தேவாலயத்தில் கல்யாணம் முடிந்ததும் நீ ஷாலினியின் வீட்டுக்கு, கோப்பாய்க்குக் குடிபோகிறாய். எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு போய்ச் சேருகிறவன். நானும் அப்படித்தான் புத்தூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு உடுப்பிட்டிக்கு, உன் அம்மாவுக்குச் சீதனமாக வந்த இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம் ஆகிறது. அவ்வளவு காலமும் நான் இங்கே ஒரு விருந்தாளியாகத்தான் இருந்தேன் என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தேன். நீ கோப்பாயில் அப்படி இருந்துவிடக்கூடாது. எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான். அதற்காகத்தான் இந்தத் துணிகளும் இந்தக் கடிதமும்.

விருந்தாளி ஆவதற்குப் பெரிய வேலை ஒன்றும் தேவையில்லை. கல்யாணமாகி நாலாம் நாள், தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவலாம் என்று நான் குசினிப் பக்கம் போனேன். உன் அம்மம்மா ஓடிவந்து அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். "வையுங்கோ மருமகன், உங்கடை கை ஏன் நனையுது" என்றார். நான் வைத்தேன். வைத்துவிட்டுப் போய் விறாந்தைக் கதிரையில் சாய்ந்து இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நாளிலிருந்து தேத்தண்ணி தட்டத்தில் வந்தது. பால் சாடிக்கு மேலே, அம்மா ஊசியால் நூல் பின்னிச் செய்த, ஓரத்தில் மணி கோத்த குறோசே மூடி. அம்மா படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு வேதமும் குறோசேயும் ஒரே மூச்சில் படிப்பித்தார்கள் போலிருக்கிறது. வானொலிக்கு ஒரு விரிப்பு, தொலைக்காட்சிக்கு ஒரு விரிப்பு, கதிரையின் இரண்டு கைகளுக்கும் இரண்டு, உனக்குக் கணினி வாங்கியபோது அதற்கும் ஒன்று. இந்த வளவில் அம்மா பின்னி மூடாமல் விட்டது கோழிக்கூடு மட்டும்தான். ஆனால் குசினியில் சட்டி துடைத்தது எல்லாம் கிழித்த என் பழைய சாரங்கள். அந்தக் குசினியோடு என் சாரங்களுக்கு இருந்த பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

இனி நான் உனக்குச் செய்த பிழையைச் சொல்லவேண்டும். நீ உயர்தரம் படித்த காலம். அம்மாவுக்குக் காய்ச்சல், பாயோடு படுத்துவிட்டார். நான் படிப்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தால் வந்தபோது நீ குசினியில் நின்று, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "ஆம்பிளைப் பிள்ளைக்கு உதேன்? போய்க் கணக்கைச் செய்" என்று சொல்லி, உன் கையிலிருந்த துணியைப் பறித்து முற்றத்தில் எறிந்தேன். நீ போய்ப் புத்தகத்தைத் திறந்தாய். அம்மாதான் காய்ச்சலோடு எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்துக்குப் போய் அந்தத் துணியை எடுத்துவந்து மிச்சக் கோப்பைகளைக் கழுவினார். நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நீ கழுவினாய் என்று அம்மா அண்மையில்தான் சொன்னார். ஒரு நல்ல காரியத்தை ஒளித்துச் செய்யவேண்டிய நிலைமையை நான் உனக்கு ஏற்படுத்தினேன். அதற்காக வெட்கப்படுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

போன வருடக் கடைசியில் ஒரு ஆட்டுக்கு வழிவிட்டுச் சைக்கிளோடு விழுந்து என் வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். நீ கொழும்பிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்தாய். ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் உனக்குத் தெரியாது. மாவுக்கட்டு அவிழ்த்த பிறகு விரல்கள் விறகுக் கொள்ளி மாதிரி விறைத்திருந்தன. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒரு பஞ்சுப் பந்தைத் தந்து, "மாஸ்ரர், இதை ஒரு நாளைக்கு நூறு தரம் அமத்துங்கோ" என்றாள். மூன்றாம் நாள் அதை அடுத்த வீட்டு நாய் கொண்டுபோய்விட்டது. இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளிடம் போய், பந்து இல்லாமல் ஒரு வழி சொல்லு பிள்ளை என்றேன். "விரலுக்கு ஏதாவது வேலை குடுங்கோ. வீட்டிலை வேலைக்குப் பஞ்சமே?" என்றாள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பத்திரிகையைத் திருப்புவதைத் தவிர இந்த வீட்டில் என் விரலுக்கு என்று ஒரு வேலையும் இருக்கவில்லை.

அப்போதுதான் அம்மாவின் குறோசே ஊசி கண்ணில் பட்டது. படிப்பித்துவிடும்படி கேட்டேன். "நீங்கள் பெடியளுக்குக் கணக்குப் படிப்பிச்ச மாதிரி நான் உங்களுக்குப் படிப்பிச்சால் அழுதிடுவியள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பின்னுகிறதைச் சத்தத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். அம்மாவின் மெல்லிய நூல் என் விரலில் நிற்கவில்லை. அந்தப் பெண்மணி தடித்த பருத்தி நூலில் சட்டி துடைக்கிற துணி பின்னிக்கொண்டிருந்தார். அதுவே என் விரலுக்குத் தோது என்று நெல்லியடிக் கடைக்கு நூல் வாங்கப் போனேன். கடைக்காரர், "மாஸ்ரர், வீட்டிலை மனுசி என்ன பின்னுறா?" என்று கேட்டார். "மேசைவிரிப்பு" என்றேன். நடுங்காமல் சொன்னேன். இதை ஞாபகம் வைத்திரு. பிறகு அம்மா ஒரு பொய் சொல்லப்போகிறார், முதல் பொய் என்னுடையது.

வேலை சுலபம்தான். தளர்வாக ஒரு சங்கிலி. அதன்மேல் ஒரு குட்டைப் பின்னல், ஒரு நெட்டைப் பின்னல், மறுபடி குட்டை, மறுபடி நெட்டை. அடுத்த வரிசையில் குட்டையின் தலையில் நெட்டை, நெட்டையின் தலையில் குட்டை. நெட்டைகள் நிமிர இடமில்லாமல் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்புத்தான் சட்டியில் காய்ந்த கறியைச் சுரண்டி எடுக்கும். நூல் பருத்தியாக இருக்கவேண்டும், மற்ற நூல்கள் தண்ணீரை இழுக்காது. இவ்வளவும் விளங்கிய எனக்கு வரிசையின் கடைசித் தையலில் ஊசியைப் போடவேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை. முப்பது தையலில் தொடங்கினேன், பத்தொன்பதில் முடித்தேன். அம்மா வந்து அதைத் தூக்கிப் பிடித்தார். "இஞ்சாருங்கோ, உது என்ன, சரிவகமோ? எத்தினை பெடியளை உதைக் கீறச் சொல்லி அடிச்சிருப்பியள். இப்ப உங்கடை மடியிலையே வந்து கிடக்குது." முப்பத்தைந்து வருடம் கேத்திரகணிதம் படிப்பித்தவன் நான். முழுவதையும் அவிழ்த்தேன். இன்னொரு தரம் பின்னி, இன்னொரு தரம் அவிழ்த்தேன். குறோசேயில் எனக்குப் பிடித்த விஷயம் இது: பிழை விட்ட இடம்வரை இழுத்து அவிழ்த்துவிட்டு அங்கிருந்து தொடங்கலாம். வீட்டு விஷயத்தில் அது நடக்காது. பிழைக்கு மேலேதான் பின்னிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

ஐந்தாவது துணி நாலு பக்கமும் நேராக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குசினியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். பின்னேரம் பார்த்தால் அது விறாந்தையில், பூச்சாடிக்குக் கீழே விரித்துக் கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். "குறோசேத் துணியாலை ஆரும் சட்டி துடைப்பினமோ? பார்க்கிற சனம் என்ன சொல்லும்?" என்றார். அது சட்டிக்காகவே பின்னியது என்றேன். "அப்ப கருவாட்டுச் சட்டிக்கும் அதோ?" "கருவாட்டுச் சட்டிக்குத்தானே அந்த மேடு பள்ளம்." அம்மா ஆண்டவரைப் பார்க்கிறதுபோல முகட்டைப் பார்த்தார். அடுத்த நாள் நான் ஆணியில் மாட்டினேன். அவர் தொலைக்காட்சிக்கு மேல் விரித்தார். நான் மறுபடி மாட்டினேன். அவர் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் விரித்தார். அம்மாவைப் பொறுத்தவரை ஊசியால் பின்னியது எதுவும் ஒன்றை மூடத்தான் பிறந்தது. ஒரு கிழமை இப்படி, இரண்டு பேரும் அதைப் பற்றி இன்னொரு சொல் கதைக்காமல், ஒரு சாண் துணியை வீடு முழுக்கக் கொண்டு திரிந்தோம்.

அந்தக் கிழமைதான் தேவாலயத்து மாதர் சங்கத்தார் வந்தார்கள். உனக்கு ஞானம் அன்ரியைத் தெரியும், வீட்டுக்குள் வந்தால் முதலில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிறவர். பூச்சாடியைத் தூக்கித் துணியை எடுத்து இரண்டு பக்கமும் பிரட்டினார். "எவ்வளவு வடிவாய்க் கிடக்கு. ஆர் பின்னினது?" நான் பக்கத்து அறையில், தட்டத்தில் வந்த தேத்தண்ணியோடு இருந்தேன். அம்மா துணியை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி விரித்தார். பிறகு, "புத்தூர்ப் பக்கம் ஒரு பிள்ளை பின்னித் தாறவா" என்றார். நான் தேத்தண்ணியை விழுங்க மறந்துபோனேன். ஞானம் அன்ரி விடுகிற ஆளா? புதன்கிழமைகளில் கூடுகிற சங்கத்துக்கு ஒரு நாள் அந்தப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார். அடுத்த புதன் வந்தது. புத்தூர்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார் அம்மா. அதற்கு அடுத்த புதன் அந்தப் பிள்ளைக்குச் சோதனை. மூன்றாம் புதன் சங்கம் மறுபடி எங்கள் வீட்டில் கூடியபோது ஞானம் அன்ரி, "பாவம், நாங்கள் எல்லாரும் ஒரு வான் பிடிச்சுப் போய்ப் பார்ப்பம். எந்த ஒழுங்கை?" என்று கேட்டார். அம்மா உள்ளே இருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நீ சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றபோது பார்த்த பார்வை அது.

நான் எழும்பி விறாந்தைக்கு வந்தேன். கையில் பாதி பின்னிய துணி, சட்டைப் பையிலிருந்து நூல் தொங்குகிறது. "வான் வேண்டாம். அந்தப் புத்தூர்ப் பிள்ளை நான்தான்" என்றேன். ஞானம் அன்ரிக்குக் கேக் தொண்டையில் ஏறிவிட்டது. நாலு பேர் முதுகில் தட்டவேண்டியிருந்தது. மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாஸ்ரர், ஓரம் உவ்வளவு நேராய் எப்பிடி வந்தது?" என்பதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம் ஓய்வு பெற்ற நாளில் போட்ட மாலைக்கும் வரவில்லை. ஆனால் அவர்கள் போனபிறகு அம்மா என்னைப் பார்க்காமல் வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் பின்னுறது உமக்கு வெட்கமோ?" என்று கேட்டேன்.

"பின்னுறது ஆருக்கு வெட்கம்? சட்டி துடைக்கிற துணி எண்டு சொன்னால், நான் என்ரை மனுசனைக் கொண்டு சட்டி கழுவுவிக்கிறன் எண்டெல்லோ ஊர் கதைக்கும்."

"நான் ஒரு நாளும் கழுவேல்லையே."

"அதுதான் சொல்லுறன். கழுவாமலே பேர் வரப்போகுது."

"அப்ப கழுவுறன். பேராவது நியாயமாய் வரட்டும்."

"உங்களுக்குத் தெரியாது, விடுங்கோ."

"தெரியும். கொட்டில்லை கழுவினனான்தானே" என்றேன்.

அம்மா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டார். அது நீ பிறப்பதற்கு முந்திய கதை. சண்டையில் இடம்பெயர்ந்துபோய் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில் எட்டு மாதம் இருந்தோம். எங்களிடம் இருந்தது இரண்டு சட்டி, மூன்று கோப்பை. ஒவ்வொரு நாளும் நான் தண்ணீர் அள்ள, அம்மா தேங்காய்த் தும்பால் தேய்க்க, நான் கழுவி வைப்பேன். அங்கே வையுங்கோ மருமகன் என்று சொல்ல ஆளில்லை. அது அவருடைய வீடும் இல்லை, என்னுடைய வீடும் இல்லை. எத்தனையோ துன்பம் இருந்த எட்டு மாதம்தான், என்றாலும் கழுவும்போது நாங்கள் கதைத்த அளவு பிறகு கதைத்ததில்லை. திரும்பி வந்ததும் நான் நேரே போய்க் கதிரையில் இருந்தேன். வீடு உமது, குசினி உமது என்று சொல்லிக்கொண்டேன். மரியாதை என்றுதான் நினைத்தேன். அம்மா மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் அதை மறந்துபோனியள் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு பெண் அப்படி நினைத்துக்கொண்டு எனக்குத் தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்திருக்கிறார்.

பூச்சாடியைத் தூக்கினேன், துணியை எடுத்தேன், குசினிக்குப் போனேன். சங்கத்தார் குடித்த கோப்பைகள் பதினொன்றையும் கழுவினேன். அம்மா வாசலில் நின்று பார்த்தார். "காணும், காணும், வையுங்கோ" என்றார். நான் வைக்கவில்லை. அடுத்த நாளும் கழுவினேன். ஆனால் நான் கழுவிவிட்டு விறாந்தைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் குசினியில் மறுபடி தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். அம்மா எல்லாவற்றையும் இன்னொரு தரம் கழுவிக்கொண்டிருப்பார்! கேட்டால், "சும்மா அலசினனான்" என்பார். அத்தோடு, நான் கழுவுகிற ஒவ்வொரு தரமும் எனக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். "தாங்ஸ் அப்பா, பெரிய உதவி." எனக்கு அதுதான் சுருக்கென்றது. தன் வீட்டில் வேலை செய்கிறவனுக்கு யாரும் நன்றி சொல்லுவார்களா? தண்ணீர்க் குழாயடியில் நின்றாலும் நான் இன்னும் விருந்தாளிதான். கதிரை மட்டும் மாறியிருந்தது.

ஆகவே சொல்லுகிறேன், கேள். உனக்குக் கழுவத் தெரியும்; கொழும்பு அறையில் நாலு வருடம் நீயே சமைத்து நீயே கழுவினாய். உன் ஆபத்து கையில் இல்லை, கோப்பாய் வீட்டுக் கதிரையில்தான் இருக்கிறது. முதல் நாளே உன் மாமி கோப்பையை வாங்கக் கை நீட்டுவார். அவர் நல்லவர், அன்பாகத்தான் வாங்குவார். கொடுத்துவிடாதே. சிரித்துக்கொண்டு, "இல்லை மாமி, இஞ்சை ஆணி எங்கை இருக்கு?" என்று கேள். துணியை நீயே மாட்டு. யாராவது அதை எடுத்து எதற்காவது மேலே விரித்தால் சண்டை பிடிக்காதே, ஆறு பின்னித் தந்திருப்பது அதற்காகத்தான். ஒன்றை அவர்கள் விரிக்கட்டும், ஒன்றை நீ நனை. துணியை ஒவ்வொரு நாளும் வெயிலில் காயவை, இல்லாவிட்டால் மணக்கும். கழுவினதை யாராவது திரும்பக் கழுவினால் காதைப் பொத்திக்கொள். ஷாலினி நன்றி சொன்னால் மட்டும் கொஞ்சம் கவலைப்படு, அடுத்த நாள் இன்னும் முந்திப் போய்க் குழாயைத் திற.

இன்று காலையில் நான் கோழிக்கறிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத வந்திருந்தேன். திரும்பக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் வரவேண்டிய நேரம். வரவில்லை. அதற்குப் பதிலாகக் குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, ஒழுங்கையில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி: "இஞ்சை வாங்கோ! உதென்ன கழுவல்? உள்ளுக்கை மட்டும் துடைச்சால் காணுமோ, அடிப்பக்கம் கரி அப்பிடியே கிடக்கு, அதை ஆர் துடைக்கிறது? எத்தினை வருசமாய் இந்த வீட்டிலை இருக்கிறியள், இதுகூடத் தெரியாதோ?" மகனே, இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடத்தில் என்னை ஒருவர் ஏசியது இதுதான் முதல் தரம். உன் அம்மா ஒருநாளும் என்னை ஏசியதில்லை என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், மடையன். கோப்பாயில் அந்த ஏச்சு உனக்கு ஒரு மாதத்துக்குள் கிடைக்கவேண்டும் என்று ஆண்டவரை மன்றாடிக்கொண்டு இதை முடிக்கிறேன். அம்மா இரண்டாம் தரம் கூப்பிடுகிறார், முதல் தரத்தைவிடக் கோபமாக. நான் போகவேண்டும்.

அப்பா